ஊசிக்குப் பயந்து கடலுக்குப் போனவரும் மற்ற சிலரும்

ரத்தம் எடுக்கப் போனேன். ஏழுமலை படகேறிக் கடலுக்குள் போய்விட்டார்.

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது என் பிழைப்பு. ஆஸ்பத்திரி லேபில் இருந்து ரிட்டயர் ஆனேன். வீட்டில் உட்கார முடியவில்லை. செங்கல்பட்டில் ஒரு லேப்காரர் கூப்பிட்டார், போனேன். ஒரு ஸ்கூட்டர், ஒரு ஐஸ் பெட்டி. இந்தப் பக்கம் கூடுவாஞ்சேரி முதல் கருங்குழி வரை. அந்தப் பக்கம் கேளம்பாக்கம், மாமல்லபுரம், கடற்கரைக் குப்பங்கள். விடிந்ததும் கிளம்பி, மக்கள் காபி குடிப்பதற்குள் முடிக்க வேண்டும். காபி தாமதமானவர் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நான் தினமும் பார்க்கிறேன்.

நீங்களும் என்னைப் போன்ற ஒருவரிடம் கையை நீட்டியிருப்பீர்கள். நீட்டிவிட்டுச் சுவரில் காலண்டரைப் பார்த்திருப்பீர்கள். 'சின்ன ஊசிதானே சார்' என்று கேட்டிருப்பீர்கள். வெட்கம் வேண்டாம். எல்லோரும் அப்படித்தான். ஒருவருக்கு ஊசி, ஒருவருக்கு லிஃப்ட், ஒருவருக்குச் சட்டைப் பொத்தான். நான் டாக்டர் இல்லை. பார்த்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்தவன் படகு

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். ஏழுமலைக்கு ஐம்பது வயது இருக்கும். உடம்பில் சர்க்கரை. வலை இழுக்கும்போது கிளிஞ்சல் கிழித்து வலது பாதத்தில் புண். ஆறவே இல்லை. டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். புண்ணை அறுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு முன் ரத்த ரிப்போர்ட் வேண்டும். தள்ளிப் போட்டால் பாதத்தையே எடுக்க வேண்டி வரும். பாதம் இல்லாமல் ஆடுகிற படகில் நிற்க முடியாது. இது அவருக்கும் தெரியும். ஆனால் லேபுக்குப் போகச் சொன்னால் பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிடுவாராம். அவர் மனைவி போன் செய்தார். அந்த நம்பரை 'ஏழுமலை வீடு' என்று பதிந்துகொண்டு கிளம்பினேன்.

நான் ஸ்கூட்டரை மணலோரம் நிறுத்தினேன். அவர் பெட்டியைப் பார்த்தார். காலில் கட்டியிருந்த பிளாஸ்டிக் கவரை இறுக்கினார். பக்கத்தில் சிலர் படகு இறக்கிக்கொண்டிருந்தார்கள். தாவி ஏறிவிட்டார். அது அவர் படகுகூட இல்லை. அவர் மனைவி அந்தக் கரையில் மீன் ஏலம் விடுபவர். அலைச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும் குரல். அந்தக் குரலில் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தார். படகு திரும்பவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"வலையில மாட்ன கடல் பாம்ப வெறுங்கையால எட்த்துப் போடும் நைனா இந்த ஆளு. உன் டப்பாவப் பாத்துட்டு அடுத்தவன் போட்ல ஏறிப் பூட்ச்சு பாரு."

பரண்

கேளம்பாக்கத்தில் ஒரு ஃபிளாட். ஐ.டி. வேலை பார்க்கும் பெண், கல்யாணமாகி ஒரு வருஷம். கையை நீட்டினார் பாருங்கள், அப்படி நீட்டியவர்கள் குறைவு. ஊசியையே நேராகப் பார்த்தார். எனக்கு நிம்மதி. துடைப்பதற்காகப் பஞ்சை உருவினேன். அடுத்த நொடி அவர் சோபாவின் மேல் நின்றுகொண்டிருந்தார். சமையலறையில் இருந்து கணவர் கரண்டியோடு ஓடி வந்தார்.

பஞ்சைப் பிய்க்கும்போது ஒரு சத்தம் வருமாம். நமக்குக் கேட்காது. அவருக்குக் கேட்கும். பல் கூசுமாம், முதுகு சில்லிடுமாம், தொட்டால் குமட்டுமாம். சின்ன வயதில் இருந்தே இப்படித்தான். யாரிடமும் சொன்னதில்லை, சிரிப்பார்கள் என்று. நான் சிரிக்கவில்லை. எனக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது. பஞ்சைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். கட்டுப் போடும் காஸ் துணியில் துடைத்து, ரத்தம் எடுத்து, அதையே மடித்து ஒட்டினேன். இதே பயம் உள்ள இன்னொருவரையும் பார்த்திருக்கிறேன், அவர் அப்பா மெத்தைக் கடைக்காரர் என்றேன். அழுதுகொண்டிருந்த பெண் சிரித்துவிட்டார். உலகத்தில் தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாராம். கணவர் மட்டும் சிரிக்காமல் பரணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கம்மா கருங்குழியில இருந்து இலவம்பஞ்சுத் தலையணை தச்சு அனுப்பினாங்க சார். வந்த அன்னைக்கே இவ அதைத் தூக்கிப் பரண்ல போட்டா. ஒரு வருஷமா நான் அதுக்கு வேற அர்த்தம் பண்ணிக்கிட்டிருந்தேன்."

கம்பிக் கதவு

செங்கல்பட்டில் ஒரு டீச்சரம்மா. ரிட்டயர் ஆனவர், தனியாக இருக்கிறார். கதவைத் திறந்தார், என் சட்டையைப் பார்த்தார், கதவைச் சாத்திவிட்டார். சட்டையில் கறையா என்று குனிந்து பார்த்தேன். இல்லை. உள்ளே இருந்து குரல் வந்தது. பொத்தானாம். வட்டமாக, நடுவில் ஓட்டையோடு இருக்கிறதே, அதைப் பார்த்தால் அவருக்கு உடம்பெல்லாம் ஊர்கிற மாதிரி இருக்குமாம். அவர் புடவை கட்டுவதே, ஜாக்கெட்டுக்குப் பொத்தான் வேண்டாம், கொக்கி போதும் என்பதால்தானாம். அப்படியானால் இத்தனை வருஷம் யூனிஃபார்ம் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்தினீர்கள் என்று கேட்டேன். முகத்தை மட்டும் பார்த்தேன் என்றார். அதனால்தான் ஒவ்வொரு பிள்ளையின் முகமும் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறதாம்.

எனக்கு இதற்கெல்லாம் நேரம் இல்லை. வெளிக் கம்பிக் கதவு வழியாகக் கையை நீட்டச் சொன்னேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டினார். கம்பிக்கு வெளியே நான், உள்ளே அவர். எடுத்து முடித்தேன். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. அடுத்த முறை, ஏதோ ஒரு கண் சிகிச்சை முகாமில் கொடுத்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு போனேன். வயிற்றுக்கு நேரே பெரிய கண் ஒன்று படமாக இருக்கும். அது அவருக்குப் பரவாயில்லையாம். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, கேக் கொடுத்தார். திரும்பி வரும்போது எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரை மறித்தார்.

"டீச்சருக்கு ஜாமீன் கெடைச்சிடுச்சா சார்?"

மேலே பாருங்கள்

கூடுவாஞ்சேரியில் ஒரு பையன், கம்ப்யூட்டரில் ஏதோ வேலை. வீட்டு வாசலில் நின்று போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. டிங் என்று மெசேஜ் வந்தது: 'ப்ளீஸ் டெக்ஸ்ட்'. எனக்கு அந்தச் சின்ன எழுத்தெல்லாம் அடிக்க வராது. கீழே இருந்து கத்தினேன். நாய்கள் வந்தன. அவர் வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவருக்குப் போனில் பேசப் பயம். மணி அடித்தாலே கை வேர்த்துவிடும். நேரில் நன்றாகப் பேசுகிறார். ஊசிக்கு முகம்கூடச் சுளிக்கவில்லை. மாடியில் நின்று நான் கத்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

அடுத்த மாதம் நீ போன் செய்தால்தான் வருவேன், மெசேஜுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மாதம் போனது. நான் மறந்தும் போனேன். ஒரு நாள் அந்தத் தெரு வழியாக வேறு வீட்டுக்குப் போகும்போது போன் அடித்தது. மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம். வைத்துவிடலாமா என்று நினைத்தபோது குரல் வந்தது.

"ஹலோ... நான்தான் அங்கிள். பேசிட்டேன் பாருங்க. மேல பாருங்க."

பதினோராவது மாடி

மறுபடி கேளம்பாக்கம். உயரமான கட்டடம், பதினோராவது மாடி. போஸ்ட் மாஸ்டராக இருந்தவர். மகன் வாங்கிக் கொடுத்த வீடு. வந்த புதிதில் கரண்ட் போய் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அதில் ஏறவில்லை. படியில் இறங்க முழங்கால் விடாது. ஆக, கீழே வந்தே நாளாகிவிட்டது. பால்கனியில் நின்று கீழே ஷேர் ஆட்டோக்களையும் பஸ்களையும் பார்த்துக்கொண்டிருப்பார். ஊருக்கெல்லாம் கடிதம் அனுப்பிய மனிதர்.

வாரா வாரம் அவருக்கு ஒரு டெஸ்ட். ஒருநாள் எடுத்து முடித்ததும், வாருங்கள், ஒரே ஒரு மாடி என்றேன். நாளைக்கு என்றார். நாளைக்கு நான் வரமாட்டேன் என்றேன். லிஃப்டுக்குள் வந்தார். கதவு மூடியது. என் கையைப் பிடித்தார், நகம் பதிந்தது. கதவு திறந்தது. பத்தாவது மாடி. வெளியே குதித்து, ஒரு மாடிப் படியையும் மெல்ல ஏறி வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் இன்னொரு மாடி. முகத்தில் என்ன ஒரு களை.

"பத்தாவதுல யாரோ வயலின் கத்துக்கிறாங்க சார், இத்தனை நாள் நான் தண்ணி மோட்டார்னு நெனச்சேன். ஒன்பதாவதுல கருவாடு வறுக்கிறாங்க. எட்டாவது என்னன்னு அடுத்த வாரம் பார்த்துடுவோம்."

டீக்கடை பெஞ்சு

இதே வைத்தியத்தை ஏழுமலையிடம் காட்டினேன். முதல் நாள் பெட்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு போனேன். டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம். காற்று, நீரோட்டம், டீசல் விலை எல்லாம் பேசினார். ஏன் ஊசி என்றால் பயம் என்று கேட்டேன். அவருக்கே தெரியவில்லை. மறுநாள் பெட்டி பெஞ்சின் அந்தக் கோடியில். பிறகு பக்கத்தில். பிறகு திறந்து வைத்தேன். ரப்பர் பட்டையைக் கையில் கட்டவும் விட்டார். டீ குடித்தவர், சாப்பிட்டவர் என்றெல்லாம் பார்க்காதே, எப்படியாவது ரத்தம் வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஊசியின் மூடியைக் கழற்றினேன். ஏழுமலை முகம் சலவை வேட்டி மாதிரி ஆனது. டீ என் மடியில், அவர் மண்ணில். மனைவி ஓடி வந்து முகத்தில் தண்ணீர் அடித்தார். கவரைப் பிரித்துக் காலைக் காட்டினார். விரலோரம் கறுக்க ஆரம்பித்திருந்தது. போஸ்ட் மாஸ்டருக்குப் பதினோரு மாடி இருந்தது. இந்தக் காலுக்கு அத்தனை நாள் இல்லை. அதை அப்படியே சொன்னேன். படுத்தபடியே ஏழுமலை என்னைப் பார்த்தார்.

"கால எட்த்தாலும் ஊசி போட்டுத்தான பெரியவரே எடுப்பாங்க?"

எனக்கு

உனக்கு என்ன பயம் என்று கேட்பீர்கள். பல்லி. இதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை. கூடுவாஞ்சேரியில் ஒரு வீட்டில் நரம்பைத் தடவிக்கொண்டிருந்தபோது டியூப் லைட்டில் இருந்து ஒன்று என் பெட்டியின் மேல் விழுந்தது. ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்த அம்மாவே எழுந்து போய்த் துடைப்பத்தை எடுத்து வந்தார்.

"பல்லி பூட்ச்சு தாத்தா. நீங்க நாற்காலிலேர்ந்து எறங்கலாம்."

புலி

அதே கூடுவாஞ்சேரியில் ஜிம் நடத்தும் ஒருவர். கை என் தொடை அளவு. அதில் ஒரு புலி பச்சை குத்தியிருந்தது. இத்தனை ஊசி பட்டவருக்கு என் ஊசி ஒரு பொருட்டா என்று நினைத்தேன். டியூபில் சிவப்பு ஏறுவதைப் பார்த்தார். ஃபேன் போடுங்கள் என்றார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே சரிந்தார். புலியும் சரிந்தது.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. நாயைக் கண்டு பயப்படுகிறவருக்கு நெஞ்சு படபடக்கும், பிரஷர் ஏறும். ஓடுவார், விழமாட்டார். ரத்தத்துக்கும் ஊசிக்கும் பயப்படுகிற சிலருக்கு மட்டும், ஏறிய பிரஷர் சட்டென்று இறங்கிவிடும். மயக்கம் அதனால்தான் வருகிறது. தைரியத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அவரைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தேன். தெளிந்ததும், தொடையையும் வயிற்றையும் இன்னொரு கையையும் முகம் சூடாகும்வரை இறுக்கு, விடு, மறுபடி இறுக்கு என்றேன். இறுக்கினால் இறங்குகிற பிரஷர் நிற்கும். அவருக்கு அதுதானே தொழில். இரண்டாவது குத்துக்கு விழவில்லை. எழுந்து போய்க் கண்ணாடி முன்னால் நின்று புலியைத் தடவிக்கொடுத்தார்.

"அங்கிள், இத ரீல்ஸ் போடலாமா? விழுந்தத விட்ருவோம், எழுந்ததுலேர்ந்து எடுக்கலாம்."

சாக்கு

புலியின் வைத்தியத்தோடு மறுபடி கடற்கரைக்குப் போனேன். ஏழுமலையைப் படுக்கச் சொன்னேன். ஊர் பார்க்க மணலில் பொணம்தான் படுக்கும் என்று மறுத்துவிட்டார். சரி, உட்கார்ந்தபடியே உடம்பை இறுக்கு என்றேன். கயிறு கொடுத்தால் நாள் பூராவும் இழுப்பார். சும்மா இறுக்கு என்றால் அவருக்குப் புரியவில்லை. இரண்டு தடவை இறுக்கினார். ஊசியைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. இந்த முறை நான் பின்னால் சாக்கு மூட்டை போட்டு வைத்திருந்தேன். அதில் விழுந்தார். ஆக, என் முன்னேற்றம் ஒரு சாக்கு.

ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமைக்கு ஆபரேஷன் குறித்திருந்தார்கள். அன்றைக்கு ரிப்போர்ட் இல்லாமல் போனால் அடுத்த பேச்சு பாதத்தை எடுப்பதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் பெட்டியைக் கட்டினேன். அவர் மனைவி ஸ்கூட்டர் வரை வந்தார். கையெல்லாம் மீன் செதில். அழவில்லை. அந்த ஆள் ஏன் விழுகிறார், அதை மட்டும் சொல் என்றார். பிரஷர் இறங்குகிறது, அது ஏறி நின்றால் விழமாட்டார் என்றேன். கையில் இருந்த செதிலைச் சுரண்டிப் போட்டார். பிறகு கோபம் வந்தால் அந்தப் பிரஷர் ஏறுமா என்று கேட்டார். ஏறும் என்றேன்.

"அப்ப நாளைக்கி வூட்டுக்கு வராத நைனா. ஏலத்துக்கு வா."

ஐஸ் மீன்

காலையில் படகுகள் வந்துவிட்டன. மணலில் குவியல் குவியலாக மீன். சுற்றிலும் வியாபாரிகள், தெர்மகோல் பெட்டிகள், பைக்குகள். ஏழுமலைக்கு அன்று வஞ்சிரம் மாட்டியிருந்தது. புண் காலோடு கடலுக்குப் போனதற்கு நான் திட்டினேன். கேட்டுக்கொண்டார். அந்தக் கரையில் அவர் மனைவி வாய்க்கு ஒரு மதிப்பு உண்டு. இன்றைக்கு மீன் என்று அவர் சொன்னால் யாரும் செவுளைத் திறந்து பார்ப்பதில்லை. ஓட்டல்காரர்கள் போனிலேயே வாங்குகிறார்கள். இத்தனை வருஷ ஏலத்தில் ஒரு மீனைப் பற்றிப் பொய் சொன்னதில்லை. இதைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்தது புரியும்.

ஏழுமலையைப் பிடித்து யாரும் உட்கார வைக்கவில்லை. அவரே வந்தார். ஏலம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்து, இடது கையை என் மடியில் வைத்தார். எடு என்றார். கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். பட்டையைக் கட்டினேன். உதடு வெளுத்தது. நெற்றி வேர்த்தது. போச்சு, சாக்குகூட இல்லை என்று நினைத்தேன். அப்போது அவர் மனைவி ஒரு வஞ்சிரத்தை வாலைப் பிடித்துத் தூக்கினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இது நேற்று மீன், ஐஸில் கிடந்தது, அதற்குத் தகுந்த மாதிரி கேளுங்கள் என்று கூவினார். வியாபாரிகள் குவியலைக் குனிந்து பார்த்தார்கள். ஏழுமலை கண்ணைத் திறந்தார்.

"இன்னா சொன்ன?"

"ஐஸ் மீனுன்னு சொன்னேன்."

"யார் மீன?"

"ஒன் மீனத்தான்யா. செவுளு வெளுத்துக் கீது. கண்ணு உள்ள பூந்துக் கீது. ஒன் மூஞ்சி மாரியே கீது."

ஏழுமலை கழுத்து புடைத்தது. தொடை இறுகியது. பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. வலது கையால் ஒரு மீனை இழுத்து, கட்டைவிரலை விட்டுச் செவுளைப் பிளந்து, கூட்டத்துக்குக் காட்டினார். உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது. மனைவியின் அப்பாவில் ஆரம்பித்து, அவர் அண்ணன் தம்பிகள் வரைக்கும் திட்டித் தீர்த்தார். எதையும் இங்கே எழுத முடியாது. இடது கையை மறந்தே விட்டார். அது என் மடியில் கிடந்தது. முழங்கை மடிப்பில் நரம்பு வடக்கயிறு மாதிரி எழுந்து நின்றது. அப்படி ஒரு நரம்பை நான் பார்த்ததில்லை. குத்தினேன். ஒரு டியூப் நிரம்பியது. இன்னொன்றும் நிரம்பியது. அவர் மீனின் ரத்தத்தை ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தார், நான் அவர் ரத்தத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். காஸ் துணியை ஒட்டிவிட்டுத் தலையை ஆட்டினேன்.

அவர் மனைவி மீனைக் கீழே வைத்தார். ஏழுமலை தன் கையைப் பார்த்தார். எப்போது எடுத்தாய் என்றார். காலி ஊசியைக் காட்டினேன். விழுந்துவிட்டார். விழட்டும். டியூப்கள் ஐஸில் இருந்தன. இனி அவர் எப்படி விழுந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. ஒரு வியாபாரி கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன் என்று சொல்கிறார்கள். அந்தம்மா தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார்.

"மீனு இன்னிக்கி மீனு. ஏலத்துல என் வாயில பொய் வந்தது இது ஒண்ணுதான், இனிமே வராது. வெல கேட்டுகினு இருங்க, இந்தாளு மூஞ்சில தண்ணி அட்ச்சிட்டு வரேன்."

மாமியார் குழம்பு

ரிப்போர்ட் அன்று சாயங்காலமே போய்விட்டது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடந்தது. பாதம் தப்பியது. விரல் ஒன்றுகூடப் போகவில்லை. புண் ஆறி, இப்போது படகில் நிற்கிறார். ஆனால் தினமும் இன்சுலின் போட வேண்டும். அதை மனைவியே கற்றுக்கொண்டார். காலையில் ஏலத்துக்குப் போகும் முன் ஊசியை எடுப்பார். கூடவே ஆரம்பித்துவிடுவார். ஒரு நாள் அவர் வலை பின்னிய லட்சணம், ஒரு நாள் என்ஜின், ஒரு நாள் மாமியார் வைக்கும் மீன் குழம்பு. ஏழுமலை கத்துவார், ஊசி போய்விட்டு வந்துவிடும். மீனைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அது தொழிலாம்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தானாகக் கையை நீட்டினார், மனைவியைப் பார்த்து ஆரம்பி என்றார். இதெல்லாம் வேண்டுமென்றே சொல்வது என்று தெரிந்த பிறகும் எப்படிக் கோபம் வருகிறது என்று கேட்டேன்.

"தெரியும் பெரியவரே. ஆனா எங்கம்மா வெச்ச கொழம்ப அப்டி சொன்னா எப்டி சும்மா இருக்கறது?"

வாசலில் வண்டியை எடுக்கும்போதுதான் அந்தம்மா பெயரைக் கேட்டேன். இத்தனை நாள் கேட்கத் தோன்றவில்லை. போனில் 'ஏழுமலை வீடு' என்றிருந்ததை அழித்துவிட்டு அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டேன்.

ஊசி பிடித்தே கிழவனான என்னால் ஒரு ஆளை விழாமல் உட்கார வைக்க முடியவில்லை. ஒரு வஞ்சிரத்தின் வாலைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தவர் கஸ்தூரி.